பித்தநீர் எப்போது, எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை ஹார்மோன்கள் எவ்வாறு தீர்மானிக்கின்றன? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி வட்டாரத்தில் உடலியங்கியல் பாடம் நடத்துகிறவர் எவரானாலும், வகுப்பில் கேட்கப்படும் கேள்விகளைவிடக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் ஸ்கேன் நிலைய வாசலிலும் கேட்கப்படும் கேள்விகளே அதிகமாக இருக்கும். கல்லீரல், பித்தப்பை, மஞ்சள் காமாலை ஆகியவை பற்றிய அத்தகைய கேள்விகளை இங்கே தொகுத்து விடையளித்திருக்கிறேன். பித்தநீர் விஷயத்தில் கல்லீரல் தன்னிச்சையாக நடந்துகொள்வதில்லை என்பதும், அதற்குக் கட்டளை பெரும்பாலும் குடலிலிருந்தே வருகிறது என்பதும் தெளிவானால், ஸ்கேன் அறிக்கையில் இருக்கும் பல வரிகளுக்குப் பொருள் தானாகவே விளங்கிவிடும்.

பித்தநீரில் என்ன இருக்கிறது? நாளொன்றுக்கு எவ்வளவு சுரக்கிறது?

நலமாக இருக்கும் ஒருவரின் கல்லீரல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 முதல் 1000 மில்லிலிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அதில் பெரும்பங்கு தண்ணீர்தான். மீதியில் பித்த உப்புகள், லெசித்தின் என்னும் பாஸ்போலிப்பிடு, கொலஸ்ட்ரால், பழைய இரத்தச் சிவப்பணுக்கள் சிதைவதால் உண்டாகும் பிலிருபின் நிறமி, சோடியம், பைகார்பனேட் ஆகியவை இருக்கின்றன. கொழுப்பைச் செரிக்கும் நொதி எதுவும் பித்தநீரில் இல்லை. அந்த நொதி கணையத்திலிருந்து வருகிறது. கொழுப்பை மிக நுண்ணிய துளிகளாகப் பிரித்து அந்த நொதிக்கு எட்டும்படி செய்வதும், செரித்த கொழுப்பையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் குடல் சுவர் வரை கொண்டுசேர்ப்பதும் பித்த உப்புகளின் வேலை.

மேலப்பாளையத்துக் கறிக்கடையில் ஆட்டு ஈரலை எடுக்கும்போது கவனித்திருப்பவர்களுக்கு இது நேரில் தெரியும். ஈரலின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் கரும்பச்சைப் பையைக் கடைக்காரர் விரலால் தொடாமல், அதைச் சுற்றிச் சிறிது ஈரலையும் சேர்த்தே அரிந்து எறிவார். "ஏல, பாத்து அறுல, பித்து ஒடஞ்சா ஈரலு பூரா கசந்துரும்" என்று தொழில் பழகும் பையனிடம் சொல்வார். அந்தக் கசப்பு பித்த உப்புகளுடையது. ஆட்டின் பித்தநீர் பச்சையாக இருப்பதற்குக் காரணம் அதிலிருக்கும் பிலிவெர்டின் நிறமி. மனிதக் கல்லீரலிலிருந்து அப்போதுதான் வரும் பித்தநீர் பொன்மஞ்சளாக இருக்கும். பையில் தங்கி அடர்ந்த பிறகே கருமை கொள்ளும்.

கல்லீரல் இடைவிடாமல் சுரக்கிறது என்றால் ஹார்மோனுக்கு அதில் என்ன வேலை?

பெரும்பாலான குழப்பங்கள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. சுரப்பது வேறு, சுரந்தது குடலில் இறங்குவது வேறு. பித்தநீர் மூன்று இடங்களில் உருப்பெறுகிறது, அல்லது கையாளப்படுகிறது. முதலாவது, கல்லீரல் செல்கள்: இவை பித்த உப்புகளைத் தம்மிடையே உள்ள நுண்கால்வாய்களுக்குள் தள்ளுகின்றன, உப்பைத் தொடர்ந்து தண்ணீரும் உள்ளே வருகிறது. இரண்டாவது, பித்த நாளங்களின் உட்சுவர்ச் செல்கள்: இவை பைகார்பனேட்டும் தண்ணீரும் சேர்த்து நாளுக்குரிய மொத்த அளவில் ஏறத்தாழக் கால்வாசியைத் தருகின்றன. மூன்றாவது, பித்தப்பையும் நாளத்தின் கடைவாயில் இருக்கும் ஒடி சுருக்குத்தசையும். 1887-இல் இத்தசையை விரிவாக ஆராய்ந்த இத்தாலியரான ருக்கெரோ ஒடியின் பெயரே அதற்கு வழங்குகிறது.

தாமிரபரணிப் பாசனத்தில் ஆறு எப்போதும் ஓடிக்கொண்டிருந்தாலும், கால்வாய் வழியே குளம் நிரம்புவதும் மடை திறப்பதும் வயலின் தேவையைப் பொறுத்தே நடப்பது போல, கல்லீரலின் ஓட்டம் இடைவிடாதது. தேக்கமும் திறப்பும் சாப்பாட்டைப் பொறுத்தவை. இந்த மூன்று இடங்களும் வெவ்வேறு ஹார்மோன்களுக்குக் கட்டுப்படுகின்றன. கல்லீரல் செல்லுக்குக் கட்டளையிடும் ஹார்மோன் பித்தப்பையைச் சுருக்குவதில்லை. பித்தப்பையைச் சுருக்கும் ஹார்மோனுக்கு நாளச் சுரப்பில் பெரிய பங்கில்லை.

செக்ரெட்டின் என்ன செய்கிறது?

இரைப்பையிலிருந்து புளித்த கூழ் முன்சிறுகுடலுக்குள் இறங்கி, அங்கே அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஏறத்தாழ 4.5-க்குக் கீழே போகும்போது, குடல் சுவரிலுள்ள எஸ் செல்கள் செக்ரெட்டின் என்னும் 27 அமினோ அமிலங்கள் கொண்ட ஹார்மோனை இரத்தத்தில் விடுகின்றன. அது பித்த நாளச் செல்களை அடைந்து, செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் தூது மூலக்கூறைப் பெருக்குகிறது. அதன் விளைவாகக் குளோரைடு வழிகள் திறக்கின்றன. வெளியேறிய குளோரைடு மீண்டும் உள்ளே வருவதற்கு ஈடாகப் பைகார்பனேட் நாளத்திற்குள் செல்கிறது. அதன் பின்னால் தண்ணீரும் செல்கிறது. பித்தநீர் நீர்த்து, அளவில் பெருகி, காரத்தன்மை கூடிக் குடலுக்கு வருகிறது. இதே நேரத்தில் கணையத்தையும் செக்ரெட்டின் தூண்டுவதால், இரண்டிடத்துப் பைகார்பனேட்டும் சேர்ந்து இரைப்பை அமிலத்தைச் சமன் செய்கின்றன.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. செக்ரெட்டின் பித்த உப்பின் அளவைக் கூட்டுவதில்லை. தண்ணீரையும் பைகார்பனேட்டையும் மட்டுமே கூட்டுகிறது.

இவையெல்லாம் நரம்பின் வேலையல்ல, இரத்தத்தில் செல்லும் ஒரு பொருளின் வேலை என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ஹார்மோன் என்னும் கருத்தே பிறந்த இடம் என்பதால், இந்த வரலாற்றை மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைய நாளில் செரிமானச் சுரப்புகள் அனைத்தையும் நரம்புகளே ஆள்கின்றன என்பதுதான் ரஷ்ய அறிஞர் பாவ்லோவின் ஆய்வுக்கூடத்து முடிவு. அதற்கு எதிராகப் பேசுவோர் மிகக் குறைவு. 1902-இல் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் ஆகிய இருவரும் மயக்கமூட்டப்பட்ட ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அதற்குச் செல்லும் நரம்புகளை எல்லாம் அறுத்து, இரத்தக் குழாய்களை மட்டும் விட்டுவைத்தார்கள். பிறகு அந்தப் பகுதிக்குள் அமிலத்தைச் செலுத்தினார்கள். நரம்புத் தொடர்பே இல்லாதபோதும் கணையம் சுரந்தது.

அடுத்த படிதான் முடிவானது. குடலின் உட்சுவரைச் சுரண்டி, அமிலத்துடன் சேர்த்து அரைத்து, வடிகட்டி, அந்தச் சாற்றை நாயின் சிரையில் ஏற்றினார்கள். மீண்டும் கணையம் சுரந்தது. வெறும் அமிலத்தைச் சிரையில் ஏற்றினால் இவ்விளைவு கிட்டவில்லை. எனவே குடல் சுவரிலிருந்து இரத்தத்தில் கலக்கும் ஒரு பொருள்தான் இதைச் செய்கிறது என்பது உறுதியாயிற்று. அப்பொருளுக்கு அவர்கள் இட்ட பெயர்தான் செக்ரெட்டின். 1905-இல் ஸ்டார்லிங் தம் சொற்பொழிவுகளில் ஹார்மோன் என்ற சொல்லை முதன்முதலாகப் பயன்படுத்தினார். தைராய்டு, இன்சுலின் என்று இன்று நாம் பேசும் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் இந்தக் குடல் ஆய்விலிருந்துதான் வந்தது.

பித்தப்பையைச் சுருங்கச் செய்வது எது?

கோலிசிஸ்டோகைனின். 1928-இல் சிகாகோவில் ஆண்ட்ரூ ஐவி, எரிக் ஓல்ட்பெர்க் இருவரும், குடலுக்குள் கொழுப்பு வந்ததும் இரத்தத்தின் வழியே பித்தப்பையைச் சுருக்கும் ஒரு ஹார்மோன் இருப்பதைக் காட்டினார்கள். முன்சிறுகுடலிலும் அதை அடுத்த பகுதியிலும் உள்ள ஐ செல்கள் இதைச் சுரக்கின்றன. கொழுப்பு அமிலங்களும், புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்கள், பெப்டைடுகள் ஆகியவையும் இதற்குத் தூண்டுதல். மாவுச்சத்தின் தூண்டுதல் மிகக் குறைவு.

நம் ஊரில் கல்யாணத்தின் மறுநாள் மாப்பிள்ளைக்குப் படைக்கும் சொதி விருந்தை எடுத்துக்கொள்வோம். தேங்காயின் முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் எனத் தனித்தனியாகப் பிழிந்து, பாசிப்பருப்பும் காய்களும் கடைசிப் பாலில் வெந்த பின், கட்டியான முதல் பாலை இறக்கும் தறுவாயில் ஊற்றி, எலுமிச்சைச் சாறு பிழிந்து இறக்குவார்கள். இலையில் சோற்றுடன் சேர்ந்து இது வயிற்றுக்குள் போனதும் இரைப்பை உடனே அனைத்தையும் குடலுக்கு அனுப்பிவிடுவதில்லை. சிறிது சிறிதாகத்தான் விடுகிறது. முதற்பாலின் கொழுப்பு முன்சிறுகுடலைத் தொட்டவுடன் ஐ செல்கள் கோலிசிஸ்டோகைனினை வெளியிடுகின்றன. அது பித்தப்பையைச் சுருக்குகிறது. ஒடி சுருக்குத்தசையைத் தளர்த்துகிறது. கணையத்திலிருந்து நொதிகளை வரவழைக்கிறது. இரைப்பை காலியாகும் வேகத்தையும் குறைக்கிறது. விருந்துக்குப் பின் நெடுநேரம் பசியெடுக்காமல் இருப்பதற்கும் மூளையில் நிறைவு உணர்வு தோன்றுவதற்கும் இதே ஹார்மோனின் பங்கு உண்டு. பித்தப்பையில் இருந்ததில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்திற்குள் குடலில் இறங்கிவிடும்.

பித்தப்பையின் கொள்ளளவு 30 முதல் 50 மில்லிலிட்டர்தான். ஆனால் அது பட்டினி நேரத்தில் தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சிப் பித்தநீரை ஐந்து மடங்கும் அதற்கு மேலும் அடர்த்தியாக்கி வைப்பதால், சிறிய பையே ஒரு பெரிய விருந்துக்குப் போதுமானதாக இருக்கிறது.

தேங்காய்க் கொழுப்புக்குப் பித்தநீர் தேவையில்லை என்கிறார்களே?

பாதி சரி. கொழுப்பு அமிலத்தின் கார்பன் சங்கிலி 12 கார்பன்களோ அதற்கு மேலோ நீண்டிருந்தால்தான் அது கோலிசிஸ்டோகைனினை நன்றாகத் தூண்டுகிறது. பத்தும் அதற்குக் குறைவும் உள்ள சிறிய அமிலங்கள் பித்த உப்பின் உதவி அதிகமில்லாமலே குடலிலிருந்து நேரே போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குப் போய்விடுகின்றன. தேங்காய்க் கொழுப்பில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். அதற்கு 12 கார்பன்கள். ஆகவே சொதியும் பித்தப்பையைச் சுருக்கத்தான் செய்யும்.

பித்தக்கல் இருப்பவருக்கு விருந்துக்குப் பிறகு வலி வருவது ஏன்? எண்ணெயை அடியோடு விட்டுவிட வேண்டுமா?

மேலே சொன்ன சுருக்கம்தான் காரணம். பை சுருங்கும்போது கல் அதன் கழுத்தில் போய் அடைத்துக்கொண்டால், வெளியேற வழியில்லாத அழுத்தம் வலது விலா எலும்பின் கீழோ மேல்வயிற்றிலோ கடும் வலியாகத் தோன்றி, முதுகுக்கும் வலது தோளுக்கும் பரவும். அரைமணி நேரம் முதல் சில மணி நேரம் வரை நீடிக்கும் இவ்வலியை வாய்வு என்று சொல்லிச் சோடா குடித்துத் தள்ளிப்போடுகிற வழக்கம் நம்மிடம் மிகுதி. வலியுடன் காய்ச்சல், கண்களில் மஞ்சள், வெளிறிய மலம் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கல்லுள்ளவர்கள் அறுவைச் சிகிச்சை வரை கொழுப்பைக் குறைத்துக்கொள்வது வலியைக் குறைக்கும். ஆனால் கல் இல்லாதவர்கள் கல் வந்துவிடுமோ என்று அஞ்சி எண்ணெயே சேர்க்காமல் இருப்பது நேர்மாறான பலனைத் தரும். பித்தப்பை நன்றாகச் சுருங்கிக் காலியாவதற்கு ஒரு வேளை உணவில் 10 கிராம் அளவுக்குக் கொழுப்பு வேண்டும். அது சுமார் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய். அதுவும் இல்லாமல் மாதக்கணக்கில் இருந்தால் பித்தநீர் பையிலேயே தேங்கிக் கெட்டிப்படும். எடையை மிக விரைவாகக் குறைப்பவர்களுக்குப் பித்தக்கல் வருவதில் இதற்குப் பெரும் பங்குண்டு. வாய் வழியே எதுவும் உண்ண முடியாமல் வாரக்கணக்கில் சிரை வழியே மட்டும் ஊட்டம் பெறும் நோயாளிகளின் பித்தப்பையில் சேறு போன்ற படிவு உண்டாவதும் இதே காரணத்தால்தான். குடலுக்குள் உணவு வராததால் கோலிசிஸ்டோகைனின் சுரப்பதில்லை, பை சுருங்குவதும் இல்லை.

நரம்புக்கு இதில் பங்கே இல்லையா?

உண்டு. உணவின் மணத்திலும் சுவையிலும், மூளையிலிருந்து வயிற்றுறுப்புகளுக்கு வரும் வேகஸ் நரம்பு பித்தப்பையைச் சிறிதளவு சுருங்கச் செய்கிறது. கோலிசிஸ்டோகைனினும் நேரடியாக மட்டுமன்றி வேகஸ் நரம்பின் வழியாகவும் வேலை செய்கிறது.

கல்லீரல் செல் எவ்வளவு பித்த அமிலம் தயாரிக்க வேண்டும் என்று அதற்கு யார் சொல்கிறார்கள்?

இந்தத் துறையில் கடந்த 30 ஆண்டுகளுக்குள் கண்டறியப்பட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். உடலில் உள்ள பித்த அமிலங்களின் (இவையே பித்தநீரில் பித்த உப்புகளாக இருப்பவை) மொத்த இருப்பு 2 முதல் 4 கிராம் மட்டுமே. இவ்வளவு சிறிய இருப்பை வைத்துக்கொண்டு ஒரு நாளின் கொழுப்பு முழுவதையும் செரிக்க முடிவதற்குக் காரணம், அதே அமிலங்கள் குடலுக்குப் போய்க் கடைச்சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, போர்ட்டல் சிரை வழியே கல்லீரலுக்குத் திரும்பி, மறுபடியும் பித்தநீரில் சேர்வதுதான். இந்தச் சுழற்சி நாளொன்றுக்கு ஆறு முதல் பத்து முறை நடக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 95 விழுக்காடு திரும்பி வந்துவிடுகிறது. மலத்தில் போவது நாளொன்றுக்கு அரை கிராம் அளவுதான். அந்த இழப்பை மட்டும் கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து புதிதாகச் செய்து ஈடுகட்டுகிறது.

எவ்வளவு குறைந்தது என்பது கல்லீரலுக்கு எப்படித் தெரியும்? கடைச்சிறுகுடலின் செல்களுக்குள் எஃப்.எக்ஸ்.ஆர். என்னும் ஏற்பி இருக்கிறது. பித்த அமிலமே இந்த ஏற்பியின் இயற்கையான திறவி என்பது 1999-இல் தெரியவந்தது. பித்த அமிலம் வந்து இதனுடன் சேர்ந்ததும் அச்செல்கள் எஃப்.ஜி.எஃப். 19 என்னும் ஹார்மோனைச் சுரந்து போர்ட்டல் இரத்தத்தில் விடுகின்றன. அது கல்லீரல் செல்லின் மேற்பரப்பிலுள்ள தன் ஏற்பியைத் தொட்டு, பித்த அமிலத் தயாரிப்பின் முதல் நொதியான கொலஸ்ட்ரால் 7-ஆல்பா ஹைட்ராக்சிலேஸ் உருவாவதை அடக்கிவிடுகிறது. குடலுக்குப் போதிய பித்த அமிலம் வந்து சேர்ந்துவிட்டது, இனிப் புதிதாகச் செய்ய வேண்டாம் என்பதே அந்தக் கட்டளையின் பொருள். எலிகளில் நடந்த ஆய்வுகளில், இதே குடும்பத்து ஹார்மோன் பித்தப்பையைத் தளர்த்தி, அடுத்த வேளைக்காக அது நிரம்ப வழிசெய்வதும் தெரிந்தது. சாப்பாட்டின் தொடக்கத்தில் கோலிசிஸ்டோகைனின் பையைக் காலி செய்கிறது. சில மணி நேரம் கழித்து, குடலின் மறுகோடியிலிருந்து வரும் ஹார்மோன் அதை நிரப்பச் சொல்கிறது.

இது வெறும் ஏட்டறிவு அன்று. கொலஸ்ட்ராலைக் குறைக்கக் கொடுக்கப்படும் கோலஸ்டிரமின் என்னும் பொடி குடலில் பித்த அமிலத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு திரும்பவிடாமல் செய்கிறது. தடைக்கட்டளை வராததால் கல்லீரல் தன் கொலஸ்ட்ராலைச் செலவழித்துப் புதிய பித்த அமிலம் செய்கிறது. அதனால் இரத்தக் கொலஸ்ட்ரால் குறைகிறது. காசநோயால் கடைச்சிறுகுடல் பாதிக்கப்பட்டு அறுவையில் அப்பகுதி நீக்கப்பட்டவர்களுக்கு நீர்த்த வயிற்றுப்போக்கு நீடிப்பதும் இதனுடன் தொடர்புடையது: உறிஞ்சப்படாத பித்த அமிலம் பெருங்குடலுக்குள் போய் அதன் சுவரைத் தண்ணீர் சுரக்கச் செய்கிறது.

பித்தநீரைக் குறைக்கும் ஹார்மோன் உண்டா?

சோமாட்டோஸ்டாட்டின். கணையமும் குடலும் சுரக்கும் இந்த ஹார்மோன் செக்ரெட்டினின் செயலை நாளத்தில் தடுக்கிறது. கோலிசிஸ்டோகைனின் வெளிவருவதையும் பித்தப்பை சுருங்குவதையும் குறைக்கிறது. இதைப் போலச் செயல்படும் ஆக்ட்ரியோடைடு ஊசியை நீண்ட காலம் போட்டுக்கொள்பவர்களிடம் பித்தக்கல் உண்டாவது மருத்துவர்கள் எதிர்பார்க்கும் ஒரு பக்கவிளைவு.

கந்த சஷ்டி விரதமும் ரமலான் நோன்பும் பித்தப்பையைப் பாதிக்குமா?

திருச்செந்தூருக்கு மாலை போட்டு ஆறு நாள் விரதம் இருப்பவர்களும், மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் மாதம் முழுவதும் நோன்பு நோற்பவர்களும் இதைக் கேட்பதுண்டு. பட்டினி நேரத்தில் ஒடி சுருக்குத்தசை இறுகியிருப்பதால் கல்லீரலிலிருந்து வரும் பித்தநீரில் பெரும்பகுதி பைக்குள் திரும்புகிறது. அப்போதும் பை முற்றிலும் அசையாமல் இருப்பதில்லை. ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்திற்கொருமுறை இரைப்பையிலிருந்து கடைச்சிறுகுடல் வரை ஒரு சுருக்க அலை ஓடுகிறது; அத்துடன் மோட்டிலின் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் உயர்ந்து, பித்தப்பையும் தன் இருப்பில் ஒரு பகுதியைக் குடலுக்குள் விடுகிறது. ஆகவே ஒரு பகல் நோன்பினால் கல் உண்டாவதில்லை. ஏற்கெனவே கல் இருந்து வலி கண்டவர்கள், நாள் முழுதும் நிரம்பி அடர்ந்த பையை நோன்பு திறந்தவுடன் பொரித்த பண்டங்களால் ஒரே மூச்சில் சுருங்க வைக்காமல், கஞ்சியில் தொடங்கிப் படிப்படியாக உண்பது நல்லது. சஷ்டி விரதத்தில் பாலும் பழமும் உண்பவர்களுக்குப் பாலின் கொழுப்பே கோலிசிஸ்டோகைனினைத் தூண்டப் போதும்.

பெண்களுக்குப் பித்தக்கல் அதிகமாக வருவது ஏன்? கர்ப்ப காலத்து அரிப்புக்கும் கல்லீரலுக்கும் என்ன தொடர்பு?

ஈஸ்ட்ரோஜன் கல்லீரலைப் பித்தநீருக்குள் கூடுதலாகக் கொலஸ்ட்ரால் விடச் செய்கிறது. அதோடு கல்லீரல் செல்லிலிருந்து பித்த உப்பு வெளியேறும் வேகத்தையும் குறைக்கிறது. புரோஜெஸ்டிரோன் பித்தப்பையின் தசையைத் தளர்த்தி அது காலியாவதை மந்தமாக்குகிறது. கருவுற்ற காலத்தில் இவ்விரண்டும் உச்சத்தில் இருப்பதால், பட்டினி நிலையில் பையின் கொள்ளளவு கூடுகிறது, சாப்பிட்ட பிறகும் பாதி காலியாகாமல் தங்குகிறது. ஸ்கேனில் பித்தச் சேறு என்று எழுதப்படுவது பெரும்பாலும் பிரசவத்திற்குப் பின் தானே கரைந்துவிடும். பிள்ளைப்பேற்று வயதில் பெண்களுக்குப் பித்தக்கல் ஆண்களைவிட இரு மடங்கோ அதற்கு மேலோ வருவது இக்காரணங்களால்தான். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளுக்கும் சிறிய பங்கு உண்டு.

அரிப்பைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டும். கடைசி மூன்று மாதங்களில், தோலில் தடிப்போ கொப்புளமோ இல்லாமல், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தொடங்கி இரவில் தூங்கவிடாமல் அரிக்குமானால், அது சூட்டினால் வருவது என்று எண்ணி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு இருந்துவிடக் கூடாது. அந்த நேரத்துப் பெண்மை ஹார்மோன்களின் சிதைபொருட்கள் பித்த உப்பை வெளியேற்றும் வழியைத் தடுப்பதால், பித்த அமிலம் இரத்தத்தில் தேங்குகிறது. இது கர்ப்ப காலப் பித்தத்தேக்கம் எனப்படும். தாய்க்கு இது தொல்லை மட்டுமே. ஆனால் இரத்தத்தில் பித்த அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தாண்டினால் வயிற்றிலேயே குழந்தை இறந்துபோகும் அபாயம் கூடுகிறது. இரத்தப் பரிசோதனையில் பித்த அமில அளவும் கல்லீரல் நொதிகளும் பார்த்து, தேவைப்பட்டால் அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் தந்து, பிரசவ நேரத்தையும் மருத்துவர் முடிவு செய்வார். பிரசவமானதும் அரிப்பு சில நாட்களில் அடங்கிவிடும். அடுத்த கர்ப்பத்தில் மீண்டும் வருவது சாதாரணம் என்பதால் முதல் பிரசவத்து அறிக்கையைப் பத்திரப்படுத்தி, அடுத்த முறை மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே காட்டுங்கள்.

தைராய்டு, இன்சுலின், குளுக்ககான் ஆகியவற்றுக்குப் பங்கு உண்டா?

தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஒடி சுருக்குத்தசை தளர்வது குறைகிறது, பித்தநீரின் ஓட்டமும் மந்தமாகிறது. தைராய்டு குறைவுள்ளவர்களிடம் பித்தநாளக் கற்கள் கூடுதலாகக் காணப்படுவதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. குளுக்ககான் பித்த உப்பைச் சாராத நீரோட்டத்தைச் சிறிது கூட்டுகிறது. நீரிழிவு நெடுநாள் இருந்து தன்னியக்க நரம்புகள் பழுதடைந்தவர்களின் பித்தப்பை சாப்பாட்டிற்குப் பின் சரியாகச் சுருங்குவதில்லை.

சர்க்கரைக்கும் எடைக் குறைப்புக்கும் இப்போது பரவலாகப் போடப்படும் செமாக்ளுடைடு வகை ஊசிகளும் பித்தப்பையின் சுருக்கத்தை மட்டுப்படுத்துகின்றன. அதோடு எடையும் விரைவில் இறங்குவதால், அவற்றைப் போட்டுக்கொள்பவர்களிடம் பித்தக்கல்லும் பித்தப்பை அழற்சியும் சற்று அதிகமாகக் காணப்படுகின்றன. ஊசி தொடங்கிய பின் வலது மேல்வயிற்றில் வலி வந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

காலையில் பல் துலக்கும்போது மஞ்சளாக வாந்தி வருகிறது. பித்தநீர் அதிகமாகச் சுரக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. வெறும் வயிற்றில் குமட்டும்போது முன்சிறுகுடலில் இருக்கும் பித்தநீர் பின்னோக்கி இரைப்பைக்குள் வருகிறது. உணவு எதுவும் இல்லாததால் மஞ்சள் நிறம் பளிச்சென்று தெரிகிறது. வெளிவந்ததன் நிறம் சுரப்பின் அளவைக் காட்டுவதில்லை. அடிக்கடி வந்தால் இரைப்பையைத்தான் பரிசோதிக்க வேண்டும்.

பித்தப்பையை எடுத்துவிட்டால் ஹார்மோன்கள் என்ன செய்யும்?

கோலிசிஸ்டோகைனின் முன்போலவே சுரந்து சுருக்குத்தசையைத் தளர்த்தும். சேமிப்பு மட்டும் இருக்காது. பித்தநீர் நாள் முழுதும் சிறுகச் சிறுகக் குடலில் இறங்கும். பித்த அமிலச் சுழற்சி விரைவாகும். பெரும்பாலானோர் சில வாரங்களில் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் சாப்பிட்டவுடன் மலம் இளகிப் போகும், அதற்கு மேலே சொன்ன கோலஸ்டிரமின் பொடியே பயன்படும்.

கீழாநெல்லி பித்தநீர் ஓட்டத்தைச் சரிசெய்யுமா?

பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர்க்காரர்கள் நாம். கீழாநெல்லியைப் பற்றிய மதிப்பு நம்மிடம் இயல்பானது. 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் ஹெப்படைட்டிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்கு இது பலன் தருவதாக வெளியிட்டார்கள்; பிற இடங்களில் பின்னர் நடந்த ஆய்வுகளில் அப்பலன் அதே அளவில் கிட்டவில்லை. கிருமியால் வரும் காமாலைகளில் பல தாமாகவே தணிபவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கல்லோ கட்டியோ நாளத்தை அடைத்து வந்த காமாலை வேறு வகை: சிறுநீர் கறுத்து, மலம் வெளுத்து, உடல் அரிக்கும். அதில் அடைப்பை நீக்குவதைத் தவிர வேறு வழியில்லை. வைட்டமின் கே உறிஞ்சப்படாததால் இரத்தம் உறைவதும் தாமதப்படும். அறுவைக்கு முன் அந்த வைட்டமினை ஊசியாகத் தருவது அதனால்தான்.

இந்த ஹார்மோன்களை அளந்து பார்க்கும் பரிசோதனை உண்டா?

இரத்தத்தில் செக்ரெட்டினையோ கோலிசிஸ்டோகைனினையோ அளப்பது வழக்கமான மருத்துவத்தில் இல்லை. அவற்றைக் கொடுத்து உறுப்பு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதுதான் முறை. ஹைடா ஸ்கேனில் டெக்னீசியம் என்னும் கதிரியக்கப் பொருள் கலந்த மருந்து கல்லீரல் வழியாகப் பித்தப்பையில் சேர்ந்த பிறகு, கோலிசிஸ்டோகைனினின் செயற்கைத் துண்டான சின்கலைடைச் சிரையில் மெதுவாக ஏற்றி, பை எவ்வளவு காலியாகிறது என்று கணக்கிடுவார்கள். 35 விழுக்காட்டுக்கும் குறைவாகக் காலியானால் அது குறைந்த சுருக்கமாகக் கொள்ளப்படும்.

சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வதும் இதே ஹார்மோனை முன்னிட்டுத்தான். பால் விட்ட ஒரு டம்ளர் காப்பியின் கொழுப்பும் புரதமும் போதும், பை சுருங்கிச் சுவர் தடித்துத் தெரியும். உள்ளே சிறு கல் இருந்தாலும் கண்ணுக்குப் படாமல் போகும். எனவே ஸ்கேனுக்குப் போகும் காலையில் தண்ணீர் தவிர வேறெதுவும் குடிக்காதீர்கள். தெரியாமல் குடித்திருந்தால் அதை முன்பே சொல்லிவிட்டு மறுநாள் காலைக்கு நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்.